அறுபது டிகிரி

எப்சிபா வந்து நின்றபோது
ஒரு பழைய கெல்வினேட்டரின் வயிற்றில்
தலையை விட்டிருந்தேன்.
"பாய், ஒரு பெட்டி வேணும். அறுபது டிகிரி.
கூடவும் கூடாது குறையவும் கூடாது.
எட்டு மணி நேரம்."

மேலப்பாளையத்தில் இருபத்திரண்டு வருஷமாகக்
குளிர் விற்கிறவன் நான்.
சூடு கேட்டு வந்த முதல் ஆள் இவள்.
அதுவும் மே மாதம்.
"மொட்டைமாடில வச்சிருங்க" என்றேன்.
சிரிக்கவில்லை.

நாகானோவில் முதியோர் இல்லத்து வேலை, நாலு வருஷம்.
இரவு ஷிப்ட் முடிந்து மிஷினில் காசு போட்டால்
சுடச்சுட ஒரு டின் விழுமாம்.
அது வேண்டும் அவளுக்கு.
ஏன் திரும்பி வந்தாள் என்று கேட்கவில்லை.
கம்ப்ரசர் ஏன் நின்றது என்று மட்டும்
கேட்டுப் பழகிய வாய்.

பொட்டலத்தில் பச்சையும் சாம்பலுமாய் ஒரு தூள்.
அவித்த அம்பை பதினாறு மேல் தூவினால்
இரண்டே நாளில் பூசணம்:
ஆட்டுக்குட்டியின் காதுமயிர் போல வெள்ளை.
முகர்ந்து பார்க்கச் சொன்னாள்.
பனங்கிழங்கு அவிக்கிற வீட்டைக்
கடந்து போவது போலிருந்தது.

அதைக் கஞ்சியில் கலந்து அறுபதில் வைத்தால்
சீனி போடாமலே இனிக்குமாம்.
பேர் அமசாக்கே.
சாக்கே என்றதும் கையைத் துடைத்துக்கொண்டேன்.
"போதையா?"
"இல்ல பாய். பதநீர் மாதிரின்னு வைங்க."
"அப்ப கள்ளு?"
"சூட்ட விட்டுட்டா, அந்தப் பக்கம் போயிரும்."

அது போதும் எனக்கு.
ஒரே பனை, ஒரே பாளை.
கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கிறதா
என்பதுதான் பேச்சு.
இந்தக் கலயத்துக்குச் சுண்ணாம்பு நான்.

செத்த பிரிட்ஜ் ஒன்றின் கம்ப்ரசரை
எடைக்குப் போட்டேன்.
குண்டு பல்பு தேடி டவுனில் நாலு கடை.
எல்.இ.டி.யில் வெளிச்சம் வருது, சூடு வரமாட்டேங்குது.
முட்டை பொரிக்கிற மிஷினின் தெர்மோஸ்டாட்,
கதவு ரப்பர் புதுசு.

முதல் ராத்திரி
சமாதானபுரத்தில் இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
காலையில் டம்ளரோடு வந்தாள்.
மேலே சின்னச் சின்ன நுரை.
நான் தொடவில்லை.
கடை வாசலில் நின்றபடியே
அவளே முழுக்கக் குடித்தாள்,
மருந்தைப் போல.
"நீச்சத்தண்ணி.
அவ்ளோ தூரத்துல இருந்து கொண்டுவந்தும்
நம்ம நீச்சத்தண்ணியாத்தான் ஆகுது பாய்."
கோபமா இல்லையா, தெரியவில்லை.

அடுத்த முறை கடை பேட்டரியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ராத்திரி இரண்டு மணிக்குப் போன் போட்டேன்.
"எவ்வளவு?"
"ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு."
பக்கத்தில் ரமீஜா புரண்டாள்:
"யாருக்குங்க காய்ச்சல்?"

விடிந்ததும் பிஸ்மி சொல்லி ஒரு மடக்கு.
வாயில் வெறும் கஞ்சிதான்.
விழுங்கி முடித்த பிறகு,
விடைபெற்றுப் போன ஆள்
எதையோ மறந்து திரும்பி எட்டிப் பார்ப்பது போல
இனிப்பு வந்தது.
யாரும் போடாத இனிப்பு.
அரிசி இவ்வளவு நாளும் இதைச் சொல்லாமலே வைத்திருந்திருக்கிறது,
என் நோன்புக் கஞ்சியில்கூட.

"எப்படி?" என்றேன் அவளிடம்.
"கிட்ட வந்துட்டு" என்றாள். "அது இல்ல."
கொஞ்சம் இஞ்சி துருவிப் போட்டுப் பார்க்கணுமாம்.

பிரிட்ஜைச் சாத்தினால் உள்ளே விளக்கு அணைகிறதா?
கடைக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம்
சுவிட்சை விரலால் அமுக்கி
அணையும் என்று நிரூபித்திருக்கிறேன்.
நான் செய்த அந்த ஒன்றில் மட்டும்
சாத்திய பிறகும் எரிகிறது.

பெட்டிக்குக் காசு வந்துவிட்டது.
பேட்டரியை இன்னும் போய் வாங்கவில்லை.